மாதா முகத்தில் ஈரத்துணி

மேலகரத்து பலவேசத்தை ஊரில் யாரும் கொத்தனார் என்று சொல்வதில்லை. சாமி செய்கிறவர் என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்து எடுத்த சுதையால் அவர் செய்த மாடன்களும் அம்மன்களும் தென்காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார்கள். ஆய்க்குடிப் பக்கம் வயலோரத்தில் அவர் நிறுத்திய சுடலைமாடனைத் திடீரென்று பார்த்துவிட்டு ஒரு தபால்காரர் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. பலவேசம் அந்தக் கதையை ஒருநாளும் மறுத்ததில்லை. யாராவது சொல்ல மறந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார்.

அவருக்குப் படிப்பு கிடையாது. பார்வையும் அப்படியொன்றும் கூர்மை இல்லை. இருந்ததெல்லாம் கைதான். எந்தப் பழைய உருவத்தைப் பழுது பார்க்கக் கூப்பிட்டாலும் முதலில் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்சநேரம் சும்மா நிற்பார். சுண்ணாம்பு என்றால் கைச்சூட்டை இழுத்துக்கொள்ளும், மரம் இழுக்காது, சுட்ட மண் இழுத்த சூட்டைத் திருப்பித் தரும் என்பார். சுதைக்குள் எங்கே செங்கல் இருக்கிறது, எங்கே வெறும் வைக்கோல் அடைத்து ஏமாற்றியிருக்கிறான் என்பதுவரை சொல்லிவிடுவார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் வரும். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் சொன்னது சரியாகவே இருக்கும்.

அந்தக் கைதான் மரத்துப்போனது.

முதலில் வலது முழங்கைக்குக் கீழே தேமல் மாதிரி ஒரு வெளுப்பு வந்தது. அரிக்கவில்லை, எரியவில்லை. அவர் மனைவி முப்பிடாதியம்மாள் பூவரசங்காயை உரசிப் பால் எடுத்துத் தடவிப் பார்த்தாள். வெளுப்பு போகவில்லை. பிறகு சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக உணர்ச்சி குறைந்து, உள்ளங்கையும் போயிற்று. எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு தடித்த துணி இருப்பதுபோல இருந்தது. சாந்துக்கரண்டியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல், நழுவிவிடுமோ என்ற பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். சாயங்காலம் பார்த்தால் கை கன்றிப்போய் நீர் கோத்திருக்கும். வலி மட்டும் இருக்காது.

என்ன நோய் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சாரல் காலத்தில் குற்றாலம் போகிற வழியெங்கும் தகரக் குவளையோடு உட்கார்ந்திருப்பவர்களைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறவர் அவர். அந்தப் பெருவியாதி எப்படி ஆரம்பிக்கும் என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறார். இருந்தும் அந்தப் பெயரை மனசுக்குள்ளேகூட அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மகள் சண்முகசுந்தரிக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மரக்கடையில் வேலை பார்க்கிற பையன், சொந்த வீடு. ஆவணியில் கல்யாணம். அப்பனுக்கு இன்ன வியாதி என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைபாக்கோடு பேச்சையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைக் கேட்டு ஒருவனும் வரமாட்டான். அவருக்கும் வீட்டுக்குள் இடம் இருக்காது. ஆவணிவரைக்கும் இந்தக் கை காட்டிக்கொடுக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் பலவேசத்தின் வேண்டுதல்.

உண்மையில் அது வேண்டுதலாகக்கூட இல்லை. கையில் போனது உள்ளேயும் போயிருந்தது. மகள் கல்யாணத்தை நினைத்தால் சந்தோஷம் வரவில்லை, நோயை நினைத்தால் துக்கம் வரவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்து படுத்தார்.

செங்கோட்டை திருவிதாங்கூரைவிட்டு நம் பக்கத்தோடு சேர்ந்ததற்கு மறுவருஷம், ஆடி மாதம், அருமைநாயகம் அவரைத் தேடி வந்தார். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன மாதா கோவில் இருந்தது. அதற்கு அருமைநாயகம்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, விளக்கேற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பது, கோவிலைக் கூட்டித் துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கோவிலை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் மனைவி ஜெபமலரும் குடியிருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. பலவேசத்துக்கும் அவருக்கும் டீக்கடைப் பழக்கம். ஒருவர் கும்பிடுகிற சாமியை மற்றவர் கேலி செய்துகொள்கிற அளவுக்கு நெருக்கம் உண்டு.

"வே பலவேசம், எங்க மாதாவுக்கு ஒரு கைவைத்தியம் பாக்கணும். கூரை ஒழுகிச் சம்மனசு றெக்கை விழுந்துட்டு. செப்டம்பர்ல திருநாள். தூத்துக்குடிக்குக் கொண்டு போகலாம்னாக. ஆடிக்காத்துல லாரியில ஏத்துனா மாதா வீடு வந்து சேர மாட்டா, நம்ம ஊருலயே கைக்காரரு இருக்காருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

"நான் சுடலைமாடன் செய்யுத ஆளு அண்ணாச்சி. உங்க மாதாவுக்குக் கோரப்பல்லு வச்சிட்டா என்ன செய்வீக?"

"வையும். அப்பமாவது எங்க ஆளுக ஒழுங்கா பூசைக்கு வருவானுக."

பலவேசம் போய்ப் பார்த்தார். அது தனியாக நிற்கிற சிலை இல்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு மரப்பலகையில் உருவங்கள் புடைத்து நின்றன. நடுவில் மாதா, இடுப்புக்கு மேல் மட்டும். கையில் குழந்தை. கீழே இரண்டு பக்கமும் சிறகு முளைத்த தேவதூதர்களாக இரண்டு சம்மனசுகள். தலைமுக்காடு மடிப்பு மடிப்பாக விழுந்து தோளில் சரிந்திருந்தது. எல்லாமே பளிங்கு நிறத்தில், விளிம்புகளில் மட்டும் பொன்பூச்சு. முந்தைய தலைமுறையில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் தன் சொந்த வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கப்பலில் கொண்டுவந்தது, செய்து நானூறு வருஷம் இருக்கும் என்று அருமைநாயகம் சொன்னார். மாதா குழந்தையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில், யாரோ கூப்பிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி ஒரு முகம் தனக்கு வராது என்று பலவேசத்துக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்ததே தவிர, பொறாமைகூட வரவில்லை.

விழுந்த சிறகுத் துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு, சன்ன மணல். நம்ம சுதைக்கு அக்கா தங்கைதான். முப்பிடாதி சுண்ணாம்பை அரைத்துக் கொடுக்க, இரண்டாம் நாளே சிறகை ஒட்டி முடித்தார். எது பழையது எது புதுசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பங்குச்சாமியார் வந்து பார்த்தார். முப்பது வயசுக்குள் இருக்கிற தூத்துக்குடிக்காரர். சந்தோஷப்பட்டு, மாதாவின் கன்னத்தில் ஓடுகிற கீறலையும் அப்படியே அடைத்துவிடச் சொன்னார்.

முகத்தில் கை வைப்பதென்றால் இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றிலும் திரை கட்டவேண்டும். உள்ளே செய்கிறவர் மட்டும்தான் இருக்கலாம், பெண்பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. முகத்தைத் தட்டியோ சுரண்டியோ பார்க்கக்கூடாது, கையால் தொட்டு மட்டும்தான் பார்க்கலாம். வேற்று மதத்துச் சாமி என்பதற்காகப் பலவேசம் அந்த மரியாதையைக் குறைக்கவில்லை. இரண்டு வேட்டிகளைக் குறுக்கே கட்டினார். முப்பிடாதி சுண்ணாம்புச் சட்டியோடு வெளியே உட்கார்ந்துகொண்டாள். திரை போடுவதற்கு முன் அருமைநாயகம் தலையை நீட்டினார்.

"முகமும் சுதைதானாவே? நான் தெனம் தொடைக்கவன். கீழ இருக்க சம்மனசு தொட்டா சில்லுன்னு இருக்கும். மாதா முகம் அப்படி இருக்காது. நல்லாப் பாத்துக்கிடும்."

"நாப்பது வருசமா சாமி செய்யுதேன் அண்ணாச்சி. நீங்க போயி மணியடிங்க."

சொல்லிவிட்டுத் திரைக்குள் போய் உள்ளங்கையை மாதாவின் கன்னத்தில் வைத்தார். வைத்தபடி நின்றார். ஒன்றும் வரவில்லை. குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. கன்னத்தில் கை இருக்கிறது என்பதையே கண் சொல்லித்தான் நம்ப வேண்டியிருந்தது. இடது கையால் பார்த்திருக்கலாம். அந்தக் கை ஒருநாளும் இந்த வித்தையைப் படிக்கவில்லை. வைத்துப் பார்த்தார், அதற்கு ஒன்றும் புரியவில்லை. 'முப்பிடாதி, இதைக் கொஞ்சம் தொட்டுச் சொல்லு' என்று ஒரு வாக்கியம் நாக்குவரை வந்தது. கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்டால் எல்லாம் முடிந்தது. கீழே சுதையாக இருப்பது மேலே மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பழைய சுதைமேல் புதுச் சுதை ஒட்டவேண்டுமானால் பழையது நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுசில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு வெடிக்கவிட்டுவிடும். அதற்காக நனைத்த துணியை நாலாக மடித்து மேலே சுற்றி, விடியும்வரை விட்டுவைப்பார்கள். அவர் அப்படித்தான் செய்தார். மாதாவின் நெற்றியிலிருந்து கழுத்துவரை, முக்காட்டையும் சேர்த்து, ஈரத்துணியைச் சுற்றினார். குழந்தையின் தலைக்கும் ஒன்று சுற்றினார். காய்ந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குப் போகும்முன் இன்னும் ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

காலையில் துணியை அவிழ்த்தார். முகம் துணியோடு வந்தது.

கையில் இருந்தது கூழ். பழந்துணியும் காகிதமும் வஜ்ஜிரப் பசையும் ஊறிப்போன சாம்பல் நிறக் கூழ். அதன்மேல் பளிங்கு நிறம் தோலாக உரிந்திருந்தது. சுதை முக்காடு என்று நினைத்தது நிஜமான துணி, பசையில் முக்கி மடிப்பு வைத்தது. அது பலகையைவிட்டுத் தொங்கியது. குழந்தையின் முகம் ஒரு பக்கமாக வழிந்து தோளில் உட்கார்ந்திருந்தது. கீழே சம்மனசுகள் மட்டும், அவை உண்மையிலேயே சுதை என்பதால், ஒன்றும் ஆகாமல் சிரித்துக்கொண்டிருந்தன.

பலவேசம் நின்று பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் அருமைநாயகத்தைக் கூப்பிட்டார். கோயில்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, பலிபீடத்துப் படியில் அப்படியே உட்கார்ந்தார். 'மாதாவே' என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முப்பிடாதி சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கையி எப்பத்துல இருந்து இப்படி?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

"போன மாசி மாசம் கொதிக்க கஞ்சிச்சட்டியத் துணியில்லாம எறக்கி வச்சிய. அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்களா சொல்லுவியன்னு இருந்தேன்."

"நாளைக்கழிச்சு அங்கன கூட்டம். சாமியாரு கேப்பாரு. என்ன சொல்ல?" என்றார் அவர்.

"என்னத்தையும் சொல்லுங்க. இதச் சொல்லாதிய. அவ கழுத்துல தாலி ஏறட்டும்." அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுமையைத் தூக்குகிற மாதிரி சொன்னாள். அதில் அவருக்கு ஏதோ ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும், அதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் முற்றத்தில் எல்லாரும் நின்றார்கள். கொடியேற்றத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை, மாதாவுக்கு முகம் இல்லை. கூச்சலுக்குக் கேட்கவா வேண்டும். சுடலைமாடன் செய்கிறவன் கையில் மாதாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவர். வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று ஒருவர். சாமியார் கையமர்த்தினார். வயதான வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரிடம் கேட்டு வந்திருந்தார். அந்த நாட்டில் பளிங்கு வாங்க வசதியில்லாத வீடுகளுக்காக அந்தக் காலத்தில் காகிதக் கூழ், துணி, சுண்ணாம்பு, மரம் எல்லாவற்றையும் கலந்து இப்படிச் செய்வார்களாம், மேலே பளிங்கு நிறம் பூசிவிட்டால் வித்தியாசம் தெரியாதாம், தொட்டால்தான் தெரியுமாம்.

"தொட்டால் தெரியும் என்கிறார்கள். நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா, இல்லையா?" என்று சாமியார் பலவேசத்தைக் கேட்டார். "உங்கள் கையைப் பற்றிக் கோயில்பிள்ளை அவ்வளவு சொன்னாரே. உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?"

பலவேசம் வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினால் ஒரு நொடியில் எல்லாருக்கும் விளங்கிவிடும். அதே நொடியில் இந்தக் கூட்டம் நாலடி பின்னால் போகும், பொழுது சாய்வதற்குள் சேதி செங்கோட்டைக்குப் போகும். அவர் ரொம்ப யோசித்ததாகச் சொல்லமுடியாது. யோசிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டும்.

"முகமும் சுதைதான்னு கோயில்பிள்ளைதான் சொன்னாக. தெனம் தொடைக்கவுக சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அருமைநாயகம் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த ஆள்தான், பெயர் மட்டும் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை என்கிற மாதிரி பார்த்தார்.

"அப்படியா கோயில்பிள்ளை?" என்றார் சாமியார்.

"அவரு அப்படிச் சொன்னா அப்படியே இருக்கட்டும் சாமி."

வெளியாளைத் திட்டுவதில் கிடைக்கிற திருப்தி எப்போதுமே கொஞ்சம்தான். சொந்த ஆளைத் திட்டுவதில் அது நிறையக் கிடைக்கும். கூட்டம் மொத்தமும் அருமைநாயகத்தின் பக்கம் திரும்பியது. கொடியேற்றத்துக்கு முன்னால் அவரும் ஜெபமலரும் அந்த ஒற்றை அறையைக் காலி செய்தார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய்மூட்டை. டீக்கடை வழியாகத்தான் போனார்கள். பலவேசம் அந்த நேரத்தில் டீக்கடையில் இல்லை, இருக்காமல் பார்த்துக்கொண்டார். முகமில்லாத மாதாவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி உள்ளறையில் வைத்துவிட்டு, திருநாளுக்குக் கண்ணாடி போட்ட ஒரு படத்தை வாங்கி மாட்டினார்கள். அதற்கும் கூட்டம் வரத்தான் செய்தது.

ஆவணியில் சண்முகசுந்தரிக்குக் கல்யாணம் நடந்தது. பலவேசம் பட்டுவேட்டி கட்டி, கையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு நின்றார். வெளுப்பு தெரியவில்லை. மகள் காலில் விழுந்து எழுந்தபோது அழுதாள். நாமும் அழவேண்டும் என்று நினைத்துப் பார்த்தார், வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தம் மட்டும் லேசாக வந்தது.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்தில் விரல்கள் உள்நோக்கி மடங்கின. கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. ஊருக்குத் தெரிந்தது. செங்கோட்டைக்கும் தெரிந்தது. அதற்குள் சண்முகசுந்தரி மடியில் பிள்ளை இருந்ததால் அவளைத் திருப்பி அனுப்பவில்லை, வரத்துபோக்கை மட்டும் நிறுத்தினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓலைச்சாய்ப்பு ஒன்று தானாக எழும்பியது. யார் போகச் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை, பலவேசம் அதில் இருந்தார். முப்பிடாதி துவைகல்லின்மேல் தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று, சாப்பிட்டாரா என்று பார்ப்பாள். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து வருஷக்கணக்காக வெள்ளை மாத்திரை சாப்பிட்டார். கடைசியில் டாக்டர் அவர் முதுகைத் தட்டி, இனிமேல் நோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, போன உணர்ச்சி மட்டும் திரும்பாது என்று சொன்னார். பலவேசம் வந்து அதை முப்பிடாதியிடம் சொன்னார்.

"நல்லது" என்றாள். மறுநாளும் தட்டு அந்தத் துவைகல்லில்தான் இருந்தது.

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது அவர் ஐந்தருவிக்குக் கிளம்பினார். அருமைநாயகம் அங்கேதான் இருக்கிறார், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டு நாளாகியிருந்தது. குற்ற உணர்ச்சி பிடித்து உலுக்கியது என்று சொன்னால் பொய். ஆனால் முற்றத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் எட்டு வருஷத்தில் தேயவே இல்லை. மகள் முகம்கூட மங்கியிருந்தது, அந்த வாக்கியம் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. எங்கேயாவது கொண்டுபோய் இறக்கவேண்டும் என்று தோன்றியது.

ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. ஈரத்துண்டுகள், குரங்குகள், மங்குஸ்தான் கூடைகள், நேந்திரங்காய் வறுக்கிற வாசனை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாறையோரமாகப் பலகை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் தலை நரைத்து, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பலிபீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றின மனிதர். அவர் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பின்னால் ஜெபமலர் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"வந்துட்டீரா? இன்னும் என்னத்தக் கெடுக்கணும்னு வந்திருக்கீரு?" என்று கத்தினாள். "பூசைக்கு எடுத்துவச்ச மனுசன ஊரான் முதுகத் தேய்க்க வச்சீரே, பாக்கணும்னு வந்தீரா? நல்லாப் பாரும்!"

"ஏட்டி, சும்மா இரு" என்றார் அருமைநாயகம். பலவேசத்தைப் பார்த்து, உட்காரச் சொல்லாமல், "சொல்லும்" என்றார்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய், அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியாதாவே? சொன்னது நானில்லன்னு எனக்குத் தெரியாதா?" இத்தனை வருஷத்துக் கோபமும் அப்போதுதான் வெளியே வந்தது. "எந்த மாதா முகத்தைத் தெனம் தொடச்சேனோ, அது போச்சு. இருந்த வீடு போச்சு. அதையெல்லாம் விடும். ஏன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. ஏன் என் மேல போட்டாருன்னு ராத்திரி ராத்திரி யோசிச்சே செத்தேன்வே நான்!"

பலவேசம் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். மடங்கிப்போன விரல்கள், தேய்ந்துபோன கட்டைவிரல்.

"அன்னைக்கே இதுல உணர்ச்சி இல்ல. தொட்டேன், தெரியல. சொன்னா எம் மகளுக்குக் கல்யாணம் நின்னுரும்."

காத்திருந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் எழுந்து பக்கத்துப் பலகைக்குப் போனார்கள். ஜெபமலர் கடலைக் கூடையைக் கீழே வைத்தாள். அருமைநாயகம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளுக்கு நடந்துட்டா?"

"நடந்துச்சு. அவளப் பாத்துத்தான் வருசமாச்சு. இப்பம் நோயி இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒட்டாதாம்."

"அத நான் கேக்கல" என்றார் அருமைநாயகம் கடுப்பாக. பலகையைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். "உக்காரும்."

பலவேசம் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்துப் பலகைக்காரன், "அண்ணாச்சி, இன்னைக்கு உங்ககிட்ட ஒருத்தரும் வரமாட்டாகளே" என்றான். அருமைநாயகம் அவன் பக்கம் திரும்பவில்லை. கிண்ணத்திலிருந்து எண்ணெயைச் சரித்து இரண்டு கையிலும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"எதுவரைக்கும் போச்சுவே?"

"தெரியல அண்ணாச்சி. யாரும் தொட்டுப் பாக்கல."

அருமைநாயகம் அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்நுனியிலிருந்து ஆரம்பித்தார். மடங்கின ஒவ்வொரு விரலையும் நிமிர்த்தி நிமிர்த்தித் தேய்த்தார். பலவேசம் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் பளபளத்தது, உள்ளங்கையில் பெருவிரல் வைத்து அழுத்துவது தெரிந்தது, எல்லாம் கண்ணுக்குத்தான். மணிக்கட்டைத் தாண்டும்போதும் ஒன்றும் இல்லை. அருமைநாயகம் அவசரப்படவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார். முழங்கைக்குச் சற்றுக் கீழே வந்தபோது பலவேசத்தின் உடம்பு தூக்கிப்போட்டது. சூடாக, காய்ப்பு ஏறி, சொரசொரப்பாக ஒரு கை அவரைப் பிடித்திருந்தது.

"இங்கனயா?" என்று அருமைநாயகம் கேட்டார். பலவேசம் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.